காமராசரின் நாட்டுப்பற்று, கல்வி, அறம், மக்களாட்சிக் கோட்பாடுகள்: திருவில்லிபுத்தூர் வட்டாரப் பின்புலத்தில் ஒரு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பெருந்தலைவர் காமராசரின் (1903–1975) பொதுவாழ்வு கல்விப் பணி, எளிமை, பதவி துறத்தல் எனத் தனித்தனிக் கூறுகளாகவே பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளது. நாட்டுப்பற்று, கல்வி, அறம், மக்களாட்சி ஆகிய நான்கும் அவரிடம் ஒரே கொள்கையின் கிளைகளாக அமைந்தன என்பதை அவர்தம் வாழ்க்கை நிகழ்ச்சிகளின் வழி இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது. எழுத்தறிவு பரவுவதற்கு முன்பே வாக்குரிமை வந்துவிட்ட நாட்டில், அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியை நிரப்புவதே ஆட்சியின் தலையாய கடன் என்பது அக்கொள்கையாகும். அக்கொள்கை வெற்றி பெற்ற இடங்களோடு அது தடுமாறிய இடங்களும் ஈண்டு ஆராயப்படுகின்றன. விருதுநகர், சாத்தூர், திருவில்லிபுத்தூர், இராசபாளையம், செட்டியார்பட்டி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தென்பகுதி இவ்வாய்வின் களமாக அமைகின்றது.

திறவுச் சொற்கள்: காமராசர், திருவில்லிபுத்தூர்த் தொகுதி, தொடக்கக் கல்வி, மதிய உணவு, ஊராட்சி ஒன்றியம், மக்களாட்சி.

முன்னுரை

விடுதலை பெற்ற இந்தியாவின் முதற் பொதுத்தேர்தல் 1951–52ஆம் ஆண்டுகளில் நடைபெற்றது. ஏறத்தாழ 17 கோடிப் பேர் வாக்காளராகப் பதிவு பெற்றனர். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெண்மர் அளவிலேயே இருந்தனர். வேட்பாளர் பெயரைப் படிக்க இயலாதவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி வாக்குப்பெட்டி வைத்து, அதன்மீது சின்னம் ஒட்டப்பட்டது. படிக்கத் தெரியாத குடிமகனிடம் ஆட்சியை மாற்றும் ஆற்றல் ஒப்படைக்கப்பட்ட அந்நிலை உலக வரலாற்றில் அரியதொன்றாகும்.

அத்தேர்தலில் திருவில்லிபுத்தூர் ஒரு வியத்தகு முடிவைக் கண்டது. சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராசபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசாமி ராசா, திருவில்லிபுத்தூர்ச் சட்டமன்றத் தொகுதியில் தோல்வியுற்றார். அதே காலத்தில், அதே கட்சியின் சார்பில் திருவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் நின்ற காமராசர் வெற்றி பெற்றார். ஒரே வட்டாரம் ஒரு தலைவரை விடுத்து மற்றொருவரைத் தேர்ந்தெடுத்தது. எழுத்தறியா வாக்காளர் கண்மூடித்தனமாக வாக்களிப்பர் என்னும் கருத்தை இம்முடிவு பொய்ப்பித்தது. இவ்வாக்காளரின் பிரதிநிதியாகவே காமராசர் நாடாளுமன்றம் புகுந்தார் என்பது, பின்னர் அவர் மேற்கொண்ட கல்விப் பணியைப் புரிந்துகொள்ளும் திறவுகோலாக அமைகின்றது.

இளமையும் கல்வியும்

காமராசர் 1903ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் விருதுபட்டி என அந்நாளில் வழங்கிய விருதுநகரில் குமாரசாமி நாடார், சிவகாமி அம்மாள் இணையர்க்கு மகனாகப் பிறந்தார். காமாட்சி என்று பெயரிடப்பட்டு, இல்லத்தில் ராசா என்று அழைக்கப்பெற்று, இரண்டும் இணைந்து காமராசர் ஆயினார். ஆறு அகவையில் தந்தையை இழந்தார். சத்திரிய வித்தியாசாலையில் பயின்ற அவர், குடும்பச் சூழலால் ஆறாம் வகுப்பளவில் படிப்பை நிறுத்தித் தாய்மாமன் கருப்பையா நாடாரின் துணிக்கடையில் அமர்ந்தார்.

அவர் பயின்ற பள்ளி நடைபெற்ற முறை ஈண்டுக் கருதத்தக்கது. அப்பள்ளி வணிகர் செலுத்திய மகமையாலும், இல்லந்தோறும் சமைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைத்துச் சேர்த்த பிடியரிசியாலும் நடத்தப்பட்டது. கோயில் நுழைவு மறுக்கப்பட்டும், கமுதி வழக்கிலும் சிவகாசிக் கலவரத்திலும் இன்னலுற்றும் வாழ்ந்த ஒரு சமூகம், தன் பிள்ளைகளின் கல்விக்குத் தானே வழிகண்ட முயற்சி அது. அடுக்களை அரிசி பள்ளியாக மாறக்கூடும் என்பதை நூலறிவால் அன்றிக் கண்கூடாக அறிந்தவர் காமராசர். சமூகம் தன் எல்லைக்குள் செய்த இப்பணியை அரசு எல்லார்க்குமாகச் செய்ய இயலும் என்பதே அவர் பிற்காலத்தில் செய்துகாட்டிய விரிவாக்கமாகும்.

நாட்டுப்பற்று

விருதுநகர் வணிகரிடையே நீதிக்கட்சிக்கும், பின்னர்ச் சுயமரியாதை இயக்கத்திற்கும் மிகுந்த செல்வாக்கு இருந்தது. அத்தகைய ஊரில் காங்கிரசுத் தொண்டராவது உற்றார் விருப்பத்திற்கு மாறான செயலாகும். 1919ஆம் ஆண்டுச் சாலியன்வாலாபாக் படுகொலையும், வரதராசுலு நாயுடு, சார்சு சோசப்பு முதலியோரின் சொற்பொழிவுகளும் அவரை ஈர்த்தன. அவரைத் திசைதிருப்பக் கருதிய குடும்பத்தார் திருவனந்தபுரத்தில் மற்றொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பினர். ஆயின், வைக்கத்தில் தீண்டாமைக்கு எதிராக 1924இல் எழுந்த போராட்டத்திலும் அவர் பங்கேற்றார். அயலாட்சியை எதிர்ப்பதும் உள்நாட்டுச் சாதிக்கொடுமையை எதிர்ப்பதும் அவருக்குத் தொடக்கம் முதலே வேறுவேறாக இல்லை என்பதற்கு இதுவே சான்றாகும்.

1930ஆம் ஆண்டு வேதாரணியம் உப்பு அறப்போரில் ஈடுபட்டு ஈராண்டுத் தண்டனை பெற்று அலிப்பூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். காந்தி–இர்வின் உடன்படிக்கையால் 1931இல் விடுதலை பெற்றார். 1933இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் சேர்க்கப்பட்டுப் பின்னர்க் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். 1942 ஆகத்தில் பம்பாய்க் காங்கிரசுக் கூட்டத்தினின்று திரும்புகையில், காவலர் கண்ணில் படாது மாவட்டந்தோறும் சென்று இயக்கச் செய்தியைச் சேர்ப்பித்தார். பணி முடிந்தபின் விருதுநகரில் தாமே கைதாக இசைந்தார். 1945 வரை வேலூர், அமராவதிச் சிறைகளில் இருந்தார். விடுதலைப் போரில் அவர் சிறையிற் கழித்த காலம் ஏறத்தாழ 3,000 நாள் என்பர்.

இந்நிகழ்ச்சிகளில் ஒரு பொதுத்தன்மையைக் காணமுடிகின்றது. அவரது நாட்டுப்பற்று மேடை முழக்கமாக வெளிப்பட்டதைவிட, ஒப்புக்கொண்ட பணியை முடித்தலாகவே வெளிப்பட்டது. தீரர் சத்தியமூர்த்தியின் கீழ் 1936இல் மாநிலக் காங்கிரசுச் செயலாளராகி, 1940இல் தலைவரான பின்னும், சிற்றூர்த் தொண்டர்களைப் பெயர் சொல்லி அறியும் அமைப்பாளராகவே அவர் விளங்கினார். நாடு என்பது அவருக்கு நிலப்படத்தைவிட மக்களின் பெயர்ப்பட்டியலாக இருந்தது எனலாம்.

கல்வி

1953ஆம் ஆண்டு இராசாசி அரசு கொண்டுவந்த மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், சிற்றூர்ப் பள்ளிகளில் பாட நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தது. எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் இல்லத்தில் பெற்றோரின் தொழிலைப் பயில வேண்டும் என்பது அதன் நோக்கம். இருக்கும் கட்டடங்களையும் ஆசிரியர்களையும் கொண்டு இருமடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிக்கனக் கணக்கும் அதில் இருந்தது. எதிர்ப்பாளர் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்றனர்.

இராசபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டி, சேத்தூர், தளவாய்புரம் போன்ற ஊர்களின் நோக்கில் இத்திட்டத்தை எடைபோடலாம். தறியும் நிலமும் வாழ்வாதாரமான வீட்டில், பிள்ளையின் கை ஏற்கெனவே தொழிலுக்குத் தேவைப்பட்டது. பள்ளி நேரம் மட்டுமே அக்கையை ஏட்டின்பால் திருப்பியது. அந்நேரத்தைப் பாதியாக்கினால் நெசவாளர் பிள்ளை நெசவாளராகவும், உழவர் பிள்ளை உழவராகவும் நிலைபெறுதல் இயல்பாகிவிடும். தொழிலின் மதிப்பைக் கற்பித்தல் என்னும் உயர்ந்த கருத்து, பிறப்பால் தொழிலை முடிவு செய்யும் பழைய ஏற்பாட்டுக்குத் துணைபோகும் இடம் இதுவேயாகும்.

1954 ஏப்பிரல் 13ஆம் நாள் முதலமைச்சர் பொறுப்பேற்ற காமராசர், அடுத்த திங்களிலேயே அத்திட்டத்தைக் கைவிட்டார். அதனைத் தொடர்ந்து மூன்று தடைகளை அவர் ஒவ்வொன்றாக நீக்க முற்பட்டார். முதலாவது தொலைவு. பள்ளியில்லாச் சிற்றூர்களைக் கணக்கெடுத்து, பிள்ளைகள் நடந்து செல்லும் தொலைவில் தொடக்கப்பள்ளிகள் திறக்கப்பட்டன. இரண்டாவது பசி. 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவுப் பணி, முதலில் ஊர்மக்களின் கொடையால் நடந்தது. 1957 நவம்பர் முதல் அரசு உதவித்தொகை அளிக்க, எஞ்சிய பங்கை ஊரார் ஏற்றனர். மூன்றாவது செலவு. சீருடை வழங்கலும் கட்டணச் சலுகையும் படிப்படியாக விரிந்து, பள்ளிக் கல்வி முழுமையும் கட்டணமற்றதாகும் நிலையை நோக்கி நகர்ந்தன.

இப்பணியில் பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் பங்கு பெரிது. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள், கட்டடம், கரும்பலகை, இருக்கை, உடை எனத் தம் ஊர்ப் பள்ளிக்கு வேண்டியவற்றை மக்களே அளிக்கும் இயக்கமாக வளர்ந்தன. விருதுநகர்ப் பிடியரிசியும் இம்மாநாடுகளும் ஒரே மரபின் இரு நிலைகளாகும். முன்னது ஒரு சமூகம் தன்னைத் தானே தாங்கிக் கொண்டது. பின்னது ஊர் முழுதும் தன் பிள்ளைகள் அனைவரையும் தாங்க முன்வந்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கு ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு மூன்றையும் ஒருங்கே அளிக்கும் திட்டம் 1955இல் நடைமுறைக்கு வந்தமையும் குறிப்பிடத்தக்கது. ஆசிரியரின் முதுமை அச்சமற்றதாக இருந்தாலன்றிச் சிற்றூர்ப் பள்ளி நிலைபெறாது என்னும் தெளிவு அதன்கண் புலப்படுகின்றது.

அறம்

காமராசரின் எளிமை பற்றிய கதைகள் பல வழங்குகின்றன. அவற்றுள் மெய்ம்மை ஆராயப்படாதவையும் உள. கதைகளை விடுத்து, ஆவணப்பட்ட செயல்களின் வழியே அவரது அறத்தை மதிப்பிடுதல் பொருத்தமாகும்.

1940 இறுதியில் கைதாகி வேலூர்ச் சிறையில் இருந்தபோது, அவர் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1941இல் விடுதலையாகி வந்து பொறுப்பேற்ற அன்றே அதனைத் துறந்தார். முழுமையாகக் கடனாற்ற இயலாத பதவியை வகித்தல் தகாது என்பது அவர்தம் நிலைப்பாடு. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1963 அக்டோபர் 2ஆம் நாள், கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். மூத்த தலைவர்கள் பதவி துறந்து கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்னும் அவரது திட்டத்தை ஏற்று, நடுவண் அமைச்சர் அறுவரும் மாநில முதல்வர் அறுவரும் விலகினர். பிறர்க்கு வகுத்த விதிக்குத் தம்மையும் உட்படுத்தியமையே இத்திட்டத்தின் அறவலிமையாகும்.

இத்திட்டத்தை நேருவுக்குப் பிந்தைய தலைமைப் போட்டியைச் சீர்செய்யும் அரசியல் உத்தியாகக் கண்டவரும் உளர். அக்கருத்தை முற்றிலும் புறந்தள்ள இயலாது. ஆயினும் 1964இலும் 1966இலும் நாட்டின் தலைமையமைச்சரைத் தேர்ந்தெடுக்கும் பணியில் முன்னின்ற காமராசர், அப்பதவியைத் தமக்கென நாடவில்லை. முதலமைச்சர் பதவிக்குத் தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையும், அவருக்கு ஆதரவாக நின்ற மி. பக்தவத்சலத்தையும் 1954ஆம் ஆண்டு அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டதையும் இதனோடு இணைத்து நோக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட சமூகத்தவரான பரமேசுவரனிடம் அறநிலையத் துறையை ஒப்படைத்தது, கோயில் வாயிலில் தடுக்கப்பட்டோர் கோயில் ஆட்சியில் அமர்ந்த நிகழ்ச்சியாகும். சென்னைத் தியாகராய நகரில் வாடகை வீட்டில் வாழ்ந்து, அவ்வீட்டிலேயே மறைந்தமை அவரது தனிவாழ்வின் அறத்திற்குச் சான்று.

குமாரசாமி ராசாவையும் இவ்விடத்து நினைத்தல் தகும். தேர்தலில் தோற்றபின் ஒடிசா ஆளுநராகப் பணியாற்றிய அவர், இராசபாளையத்தில் தம் இல்லத்தைக் காந்தி கலை மன்றத்திற்கு அளித்தார். பொதுவாழ்வில் ஈட்டியதைப் பொதுவுக்கே விடுதல் என்பது இவ்வட்டாரத்துக் காந்திய மரபில் ஒருவருக்கு மட்டும் உரியதாக இல்லை என்பதை இது காட்டுகின்றது.

மக்களாட்சி

நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவாறே முதலமைச்சரான காமராசர், மேலவை நியமனத்தை நாடாது, 1954இல் குடியாத்தம் இடைத்தேர்தலில் மக்களிடம் நேரே சென்று வாக்குக் கேட்டார். 1952இல் இராசாசி மேலவை நியமனத்தின் வழி முதலமைச்சரானதோடு ஒப்பிடுங்கால், இத்தெரிவின் பொருள் விளங்கும்.

1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் வழி ஊராட்சி ஒன்றியங்கள் உருவாயின. தொடக்கப்பள்ளிகள் அவ்வொன்றியங்களின் பொறுப்பில் விடப்பட்டன. கல்வியும் மக்களாட்சியும் ஒன்றையொன்று தழுவிய இடம் இதுவாகும். தன் பிள்ளை பயிலும் பள்ளியைத் தான் தேர்ந்தெடுத்த மன்றம் நடத்துகின்றது என்னும் உறவு, சட்டமன்றத்தைவிட அணுக்கமான ஆட்சிப் பயிற்சியைச் சிற்றூர் மக்களுக்கு அளித்தது.

இக்கொள்கை இடறிய இடங்களையும் மறைத்தல் ஆகாது. 1957ஆம் ஆண்டுத் தேர்தலில் திருவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் உ. முத்துராமலிங்கத் தேவர் வென்றார். முதுகுளத்தூர்ச் சட்டமன்றத் தொகுதியிலும் வென்றிருந்த அவர் அதனைத் துறந்தமையால் இடைத்தேர்தல் வந்தது. அதனைத் தொடர்ந்து எழுந்த சாதிக் கலவரத்தில், அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். கீழத்தூவலில் காவல்துறையின் துப்பாக்கிக்கு ஐவர் பலியாயினர். தேவர் தடுப்புக்காவல் சட்டத்தின்கீழ்க் கைதாகி, 1959இல் வழக்கினின்று விடுவிக்கப்பட்டார். தாழ்த்தப்பட்ட மக்களின் உயிரைக் காக்கும் கடன் அரசுக்கு இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின், விசாரணையின்றிச் சிறைவைக்கும் கொடுமையைத் தாமே நுகர்ந்த தலைவரின் ஆட்சி, அதே கருவியைத் தேர்ந்தெடுக்கப்பட்ட மக்கள் பிரதிநிதி ஒருவர்மீது கையாண்டமை, ஆய்வாளர் எளிதில் கடந்து செல்லத்தக்கது அன்று. பள்ளியைக் கட்டுவதில் கண்ட வெற்றியைச் சாதிப் பகையைத் தணிப்பதில் அவ்வாட்சி காணவில்லை.

இரண்டாவது இடறல் மொழிச் சிக்கலாகும். 1956இல் தமிழை ஆட்சிமொழியாக்கிய அரசு காமராசருடையது. எனினும், 1965இல் இந்தி மட்டுமே ஆட்சிமொழியாகும் என்னும் அச்சத்தால் மாணவர் கிளர்ந்தெழுந்தபோது, மாநிலத்தை ஆண்ட அவரது கட்சி அடக்குமுறையைக் கைக்கொண்டது. அகில இந்தியக் காங்கிரசுத் தலைவராக இருந்த காமராசர் இந்தி பேசாத மாநிலங்களின்மேல் அவசரம் காட்டுதல் கூடாது என்னும் கருத்தினராயினும், அது மாணவரின் காயத்தை ஆற்றும் அளவுக்கு விரைந்து வெளிப்படவில்லை.

1967ஆம் ஆண்டுத் தேர்தலில் விருதுநகர்ச் சட்டமன்றத் தொகுதியில், மொழிப்போரில் முன்னின்ற மாணவத் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகள் வேறுபாட்டில் காமராசர் தோற்றார். இத்தோல்வி நன்றி கொன்ற செயலாகவே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. அம்முடிவு மறுபரிசீலனைக்குரியது. அந்நாளில் வாக்குரிமை அகவை 21. 1967இல் முதன்முறை வாக்களித்த இளைஞர் 1954இல் எட்டு அகவைச் சிறுவர். காமராசர் திறந்த பள்ளிகளில் பயின்று, அவரது ஆட்சியில் மதிய உணவு உண்டு, நாளிதழ் படித்து, சுவரொட்டி எழுதி, அரசை வினவும் திறம் பெற்ற முதற் தலைமுறையினர் அவர்களுள் பலர். 1952இல் சின்னம் ஒட்டிய பெட்டியைத் தேடிய வட்டாரத்தில், பதினைந்தே ஆண்டுகளில் வேட்பாளரின் கொள்கையைப் படித்து மறுக்கும் வாக்காளர் தோன்றினர். கற்றவன் கற்பித்தவனுக்கே வாக்களிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பின், அக்கல்வி கொடை ஆகாது, கடன் ஆகும். காமராசர் அளித்தது கடன் அன்று.

தோல்விக்குப்பின் அவர் நடந்துகொண்ட முறை இதனை உறுதிசெய்கின்றது. ஈராண்டுக்குள், 1969இல் நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் மீண்டும் மக்கள்முன் நின்று வென்றார். 1971இலும் அத்தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. 1975இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது, பிரதமர் பதவிக்குத் தம் துணையால் வந்தவரின் ஆட்சி என்றும் பாராது அதனை ஏற்க மறுத்தார். அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் மறைந்தார். 1976இல் பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது. 1985இல் விருதுநகரைத் தலைநகராகக் கொண்டு அமைந்த புதிய மாவட்டம் சில காலம் அவர் பெயரைத் தாங்கியிருந்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. காமராசரின் நாட்டுப்பற்று சாதியைக் கடந்த குடிமையுணர்வாகத் தொடங்கியது. அவரது கல்விப் பணி, பிடியரிசி மரபை ஒரு சமூகத்தின் எல்லையினின்று பொது உரிமையாக விரித்தது. அவரது அறம், பதவியைத் திருப்பிக் கொடுக்கத்தக்க ஒப்படைப்பாகக் கருதியது. இம்மூன்றும் ஒருங்கே சேர்ந்து, வாக்குரிமையைப் பொருளுடையதாக்கும் மக்களாட்சிக் கோட்பாடாயின.

முதுகுளத்தூரும் மொழிப்போரும் அக்கோட்பாட்டின் எல்லைகளைக் காட்டுகின்றன. சட்ட ஒழுங்கு என்னும் நெருக்கடியில் அரசு தன் பழைய அயலாட்சிக் கருவிகளையே எடுத்தாண்டது என்பது வரலாறு உணர்த்தும் எச்சரிக்கையாகும். எனினும், 1967ஆம் ஆண்டு விருதுநகர் முடிவைக் காமராசரின் வீழ்ச்சியாக மட்டும் காணாது, அவர் விதைத்த கல்வியின் விளைவாகவும் காணுதல் ஏற்புடைத்து. தம்மை மறுக்கும் ஆற்றலையும் சேர்த்தே மக்களுக்கு அளித்த ஆட்சியாளர் என்னும் வகையில், அவரது வாழ்வு இந்திய மக்களாட்சி வரலாற்றில் தனித்து ஆராயப்பட வேண்டிய ஒன்றாகும். திருவில்லிபுத்தூர், இராசபாளையம், செட்டியார்பட்டி வட்டாரப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளையும் ஊராட்சி ஒன்றிய ஆவணங்களையும் தேர்தல் முடிவுகளோடு இணைத்து ஆராயின், கல்விப் பரவலுக்கும் அரசியல் விழிப்புக்கும் உள்ள உறவு ஊர் அளவில் மேலும் தெளிவுறும்.